நடந்த மலைக்கு நீங்களே மெட்டு போடுங்க: போட்டோவும் வீட்டு இசையும் சேர்ந்த மூணு நிமிஷ ஸ்லைட்ஷோ, முழு வழிகாட்டி

மலையேறிட்டு வர்றவங்க நிறைய பேர் செய்யுறது இதுதான். நானூறு போட்டோ எடுக்குறது, திரும்பி வர்ற பஸ்லயே குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல அறுபது எழுபதை மொத்தமா தள்ளி விடுறது, சித்தி ஒரு கும்பிடு போடுவாங்க, மச்சான் ஒரு ஹார்ட் போடுவான், மறுநாள் காலையில யாரோ கேஸ் புக்கிங் பத்தி கேட்டதும் அத்தனையும் மேல போயிடும். கொஞ்சம் மெனக்கெடுறவங்க ஒரு ஆப்ல போட்டு பின்னாடி ஒரு சினிமாப் பாட்டை ஓட விடுவாங்க, அப்போ பாக்குறவங்க மலையைப் பாக்க மாட்டாங்க, அந்தப் பாட்டு வந்த சீனைத்தான் மனசுல ஓட்டிட்டு இருப்பாங்க.

நான் சொல்றது வேற வழி. ஒரு நடைக்கு ஒரு ஸ்லைட்ஷோ, முப்பது போட்டோ, மூணு நிமிஷம், பின்னணி இசை நீங்களே வீட்ல வாசிச்சது. வாசிக்கத் தெரியாதுன்னு இப்பவே மூடிட்டுப் போயிடாதீங்க, ஸ்வரம் எழுதத் தெரியாதவங்களுக்கும் ஒரு வழி கீழ இருக்கு. முக்கியமான விஷயம் என்னன்னா, போட்டோ வேற இசை வேறன்னு தனித்தனியா செஞ்சு கடைசில ஒட்டக்கூடாது, மலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே ரெண்டுக்கும் சேர்த்து ஒரே கணக்கு போட்டுடணும். உதாரணத்துக்கு தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் பக்கத்துல இருக்குற குரங்கணி, அங்கேருந்து மூணாறு பக்கம் மேல இருக்குற டாப் ஸ்டேஷன்ங்குற இடம் வரைக்கும் ஏறுற மலைச்சரிவை எடுத்துக்குறேன், நீங்க உங்க ஊர் மலையை வச்சுக்கோங்க.

1. மொதல்ல கணக்கு

ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளம் ஒரு சுத்து முடியுறதுக்கு, 8 அடி. மெட்ரோனோம்ல (டிக் டிக்னு அடி எண்ணிக் குடுக்குற கருவி, போன்ல ஆப்பாவும் இருக்கு) நிமிஷத்துக்கு 80 அடின்னு வச்சா ஒரு அடி முக்கால் செகண்டு, அப்போ ஒரு ஆவர்த்தனம் சரியா 6 செகண்டு. ஒரு போட்டோவை நிதானமா பாக்க 6 செகண்டு போதும். ஆக ஒரு ஆவர்த்தனத்துக்கு ஒரு போட்டோ, 30 ஆவர்த்தனம், 180 செகண்டு, மூணு நிமிஷம். போட்டோ மாறுற இடம் எல்லாம் சமத்துல, அதாவது ஆவர்த்தனத்தோட முதல் அடில, வந்து விழும், பாக்குறவங்களுக்கு ஏன்னு தெரியாது ஆனா உறுத்தாம ஓடும்.

இதை அப்படியே முப்பது தடவை செஞ்சா தூக்கம் வரும், அதனால அங்கங்க உடைங்க. டைட்டில் போட்டோவுக்கு ரெண்டு ஆவர்த்தனம் குடுங்க. செங்குத்தா ஏறுற பகுதிக்கு அரை ஆவர்த்தனம், அதாவது 4 அடிக்கு ஒரு போட்டோ, 3 செகண்டுல மாறும், மூச்சு வாங்குற மாதிரியே இருக்கும். மேல போய் சேர்ந்து கீழ திரும்பிப் பாக்குற அந்த ஒரு போட்டோவுக்கு மறுபடி ரெண்டு ஆவர்த்தனம். இதை ஒரு பேப்பர்ல முப்பது கட்டம் போட்டு எழுதி வச்சுக்கோங்க, பாதையில நடக்கும்போது எந்தக் கட்டம் இன்னும் காலியா இருக்குன்னு தெரியும், சும்மா கண்ட இடத்துல எல்லாம் க்ளிக் பண்றது தானா குறையும்.

2. கிளம்புறதுக்கு முன்னாடி

அனுமதி. இதுல விளையாட்டு வேண்டாம். குரங்கணி மலையில 2018 மார்ச் 11 அன்னைக்கு பிடிச்ச காட்டுத்தீயில மலையேறப் போனவங்க இருபது பேருக்கு மேல இறந்து போனாங்க. அதே வருஷம்தான் தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்குன்னு தனி ஒழுங்குமுறை விதிகள் வந்துச்சு. 2024 அக்டோபர்ல அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ன்னு ஒரு திட்டத்தை 40 பாதைகளோட ஆரம்பிச்சது, ஆன்லைன்ல புக் பண்ணலாம், கூட வழிகாட்டி வருவாங்க. கோடையில தீ சீசன் வந்தா மூடிடுவாங்க, எந்தப் பாதை எப்போ திறந்திருக்குன்னு கிளம்புறதுக்கு முன்னாடி வனத்துறைகிட்ட கேட்டுட்டுத்தான் போகணும். லோக்கல்ல ஒருத்தர் சைடு வழியா கூட்டிட்டுப் போறேன்னு சொல்வார், போகாதீங்க. சரணாலயம், புலிகள் காப்பகம் மாதிரி இடத்துல போட்டோ வீடியோ எடுக்கவே தனியா அனுமதி வேணும், 1972ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல அது இருக்கு. ட்ரோனை வீட்லயே வச்சுடுங்க, அந்த சத்தம் கேட்டு கழுகுலேருந்து வரையாடு வரைக்கும் மிரளும், உங்க ஒலிப்பதிவும் போச்சு.

அடுத்தது கதை. அழகான முப்பது போட்டோவை வரிசையா வச்சா அது காலண்டர், அதுக்கு நடுவுல ஒரு நூல் ஓடுனாத்தான் பாக்குறவங்க கடைசி வரைக்கும் உக்காருவாங்க. குரங்கணிக்கு அந்த நூல் ரெடியாவே கிடைக்குது. மூணாறு எஸ்டேட் தேயிலையை சமவெளிக்கு இறக்க வெள்ளக்காரங்க காலத்துல குண்டளை வழியா டாப் ஸ்டேஷன் வரைக்கும் ரயில் போட்டாங்க, 1902ல மாடு இழுக்குற ஒத்தை தண்டவாளம், 1908ல அதையே குட்டி ரயிலா மாத்துனாங்க. டாப் ஸ்டேஷன்லேருந்து பெட்டி பெட்டியா தேயிலை ரோப்வே வழியா கீழ கொட்டகுடி பக்கம் இறங்கும், அங்கேருந்து வண்டில போடிக்கு. டாப் ஸ்டேஷன், பாட்டம் ஸ்டேஷன்ங்குற பேர் எல்லாம் அந்த ரோப்வேல இருந்து வந்ததுதான், பஸ் ஸ்டாண்டு பேர் இல்ல. 1924 வெள்ளத்துல, அதான் மலையாளிங்க தொண்ணூத்தொன்பதாம் வருஷ வெள்ளம்னு சொல்வாங்களே, அதுல ரயில் பாதை மொத்தமா அடிச்சுட்டுப் போச்சு. இப்போ பாருங்க, தேயிலை இறங்குன மலையில நீங்க ஏறுறீங்க, இதுவே உங்க முப்பது கட்டத்துக்கு வரிசை குடுத்துடும்: கீழ கடையில டீ கிளாஸ், பாதை, மிச்சம் மீதி இருக்குற பழைய தடயம் ஏதாவது கண்ணுல பட்டா அது, தேயிலைத் தோட்டம், மேல மறுபடி ஒரு டீ. உங்க ஊர் மலைக்கும் இப்படி ஏதாவது இருக்கும், ஒரு நீரோடை, ஒரு கோயில் படிக்கட்டு, ஒரு பழைய சுமைதாரிப் பாதை, போறதுக்கு முன்னாடி ஊர்ப் பெரியவங்ககிட்ட கேளுங்க, அவங்களுக்குத் தெரிஞ்சது இணையத்துல இருக்காது.

சாமான் நிறைய வேண்டாம். போன் இருந்தாப் போதும், கேமரா இருந்தா ஒரே லென்ஸ். பவர் பேங்க், துடைக்க பருத்தித் துணி ரெண்டு, ஜிப் கவர் ரெண்டு பெருசா, முடி வச்ச மைக் உறை ஒண்ணு. மழைக்காலம்னா அட்டைப்பூச்சிக்கு நீள சாக்ஸ்.

3. பாதையில போட்டோ

மொதல்ல வெளிச்சம் எந்தப் பக்கம்னு பாக்கணும். குரங்கணி மலையோட கிழக்குச் சரிவுல இருக்கு, நீங்க மேற்கப் பாத்து ஏறுறீங்க, அப்போ காலையில சூரியன் உங்க முதுகுல. முன்னாடி தெரியுற மலைமேல வெளிச்சம் நேரா அடிக்கும், கலர் நல்லா வரும் ஆனா நிழல் இல்லாம தட்டையா தெரியும். அதனால காலையில அடிக்கடி திரும்பிப் பாருங்க, போடி பக்கத்துச் சமவெளி மேல புகை மாதிரி மூட்டம் கிடக்கும், எதிர் வெளிச்சத்துல குன்றுகள் அடுக்கடுக்கா நீலமா நிக்கும், சரக்கு அங்கதான் இருக்கு. சாயங்காலம் கதை தலைகீழ், சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் சீக்கிரமே மறைஞ்சுடும், சரிவு முழுக்க நிழல் விழுந்துடும், அப்போ தூரக் காட்சியை விட்டுட்டு கிட்டக்க இருக்குறதை எடுங்க, பாறை, வேர், ஷூ, வழிகாட்டி அண்ணன் கையில இருக்குற கம்பு. நிழல்ல தோல் நிறம் அருமையா வரும்.

ஸ்லைட்ஷோன்னு முடிவு பண்ணியாச்சுன்னா போனைப் படுக்கவச்சே எடுங்க, ஏன்னா கடைசில இது டிவில ஓடப்போகுது. நெட்டுக்குத்தா எடுத்தே ஆகணும்னா, உயரமான மரம், அருவி, ரெண்டு எடுத்து வையுங்க, எடிட்ல பக்கத்துல பக்கத்துல போடலாம். தனியா ஒரு நெட்டு போட்டோவைப் போட்டுட்டு ரெண்டு பக்கமும் மங்கலா நிரப்புறது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

ஒவ்வொரு இடத்துலயும் மூணு தூரம். தூரத்துல இருந்து மொத்த இடமும் தெரியுற மாதிரி ஒண்ணு, நடுத் தூரத்துல ஆளோட ஒண்ணு, ரொம்பக் கிட்ட ஒண்ணு. நம்மாளுங்க முதலாவதை மட்டும் நாப்பது எடுப்பாங்க. பெரிய மலையை மட்டும் எடுத்தா அது எவ்ளோ பெருசுன்னு போட்டோல தெரியாது, தூரத்துல ஒரு சின்ன ஆள் நடந்து போகணும், அப்பத்தான் அளவு புரியும். மஞ்சள் சட்டையோ சிவப்பு பையோ போட்ட ஒருத்தரை முன்னாடி நடக்கச் சொல்லுங்க, பச்சைக்கு நடுவுல கண்ணு நேரா அங்க போகும்.

மூடுபனி வந்தா நிறைய பேர் கேமராவை உள்ள வச்சுடுறாங்க, அப்போதான் வெளிய எடுக்கணும். தென்மேற்குப் பருவக் காத்து அடிக்குற மாசங்கள்ல கேரளாப் பக்கத்துல இருந்து மேகம் முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வழியும், பத்து நிமிஷம் நின்னாப் போதும், அதே காட்சி மூணு விதமா மாறும். பனி வெள்ளையா இருக்குறதால கேமரா ஏமாந்து போட்டோவை சாம்பலா ஆக்கிடும், எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏத்தி வையுங்க. வெயில் அடிக்குற இடத்துல இதுக்கு நேர் எதிர், கொஞ்சம் இறக்குங்க, வானம் வெளுத்துப் போனா திரும்ப வராது, நிழலை அப்புறம் வெளிச்சமாக்கிக்கலாம். போன்ல ரா (RAW, சுருக்காம முழு விவரத்தோட சேமிக்குற ஃபார்மட்) இருந்தா முக்கியமான காட்சிக்கு மட்டும் போடுங்க, எல்லாத்துக்கும் போட்டா மெமரி நிறைஞ்சு மேல போகும்போது இடம் இருக்காது.

குளிர்ந்த இடத்துல இருந்து வெக்கையான ரூமுக்கோ ஜீப்புக்கோ வரும்போது லென்ஸ்ல நீர் கோர்க்கும். வெளியவே ஜிப் கவர்ல போட்டு காத்து இல்லாம மூடி, உள்ள வந்து அரை மணி நேரம் கழிச்சுத் திறங்க. குளிர்ல பேட்டரியும் சீக்கிரம் இறங்கும், சட்டைப் பைல வச்சுக்கோங்க.

மனுஷங்க விஷயம் ஒண்ணு. தேயிலை பறிக்குற அக்காங்களைப் பாத்ததும் நிறைய பேர் ஜூம் போட்டு எடுக்க ஆரம்பிச்சுடுறாங்க. அவங்க வேலை நேரம் அது. கிட்டப் போய் ‘அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கவா, எங்க வீட்ல காட்டுறதுக்கு’ன்னு கேட்டுட்டு எடுங்க, வேண்டாம்னா விட்டுடுங்க. எடுத்ததை அங்கேயே காட்டுங்க, அவங்களுக்கு வேணும்னா நம்பர் வாங்கி அன்னைக்கே அனுப்பிடுங்க, ஊருக்குப் போய் அனுப்புறேன்னு சொல்ற யாரும் அனுப்புறது இல்ல.

4. பாதையில ஒலி

இதை யாரும் செய்யுறது இல்ல, ஆனா ஸ்லைட்ஷோவுக்கு பாதி உயிர் இதுலதான் வருது. போன்ல ரெக்கார்டர் ஆப் போதும். ஏரோபிளேன் மோடுல போடுங்க, ஒரு பாறை மேல துணி விரிச்சு அது மேல போனை வையுங்க, கையில பிடிச்சா விரல் உரசுற சத்தம் வரும். ஆரம்பிச்சுட்டு பத்தடி தள்ளிப் போய் ரெண்டு நிமிஷம் வாயை மூடிட்டு நில்லுங்க. கூட வர்றவங்களையும் நிக்க வைக்கணும், அதுதான் கஷ்டமே. காத்துதான் பெரிய எதிரி, மைக் உறை இல்லன்னா பாறைக்கு மறைவா, காத்து அடிக்குற பக்கத்துக்கு முதுகு காட்டி வையுங்க.

என்னென்ன எடுக்கணும்னா, கீழ டீக்கடை, ஓடை தூரத்துல இருந்து ஒண்ணு கிட்டக்க ஒண்ணு, சரளைக்கல் மேல நடக்குற காலடி (இது தாளத்துக்கே ஆகும், அடுத்து சொல்றேன்), சோலைக்குள்ள இருக்குற ஒலி. மேற்குத் தொடர்ச்சி மலையில மழைக்காலத்துல விடியும்போது போனா சீகாரப் பூங்குருவி கத்துறது கேக்கலாம், ஏதோ பள்ளிக்கூடத்துப் பையன் வாயில வந்ததை விசிலடிச்சுட்டுப் போற மாதிரி இருக்கும், அது கிடைச்சா உங்க மெட்டோட முதல் வரி கிடைச்ச மாதிரிதான். பறவையைக் கூப்பிட போன்ல அதோட குரலைப் போட்டுக் காட்டாதீங்க, போட்டிக்கு வேற பறவை வந்துருச்சுன்னு நினைச்சு அது வீணா அலையும். ஸ்பீக்கர்ல பாட்டு போட்டுட்டே நடக்குற குரூப்பைப் பத்தி நான் எதுவும் சொல்லல, பாத்தா அவங்களை முன்னாடி விட்டுட்டு அரை மணி நேரம் கழிச்சு நடங்க.

5. நானூறுல இருந்து முப்பது

வந்த அன்னைக்கே எடுக்காதீங்க, எல்லாமே அழகா தெரியும். ஒரு வாரம் ஆறட்டும். அப்புறம் மூணு சுத்து. முதல் சுத்து வேகமா, கலங்குனது, கண்ணு மூடுனது, ஒரே காட்சியோட பத்துல ஒம்போது, எல்லாம் போகட்டும். ரெண்டாவது சுத்துல உங்க முப்பது கட்டப் பேப்பரை எடுத்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ரெண்டு மூணு போட்டியாளரை வையுங்க. மூணாவது சுத்து பக்கத்து போட்டோவோட சேர்த்துப் பாக்குறது: தூரக் காட்சிக்கு அப்புறம் தூரக் காட்சி வேண்டாம், இருட்டுக்கு அப்புறம் திடீர்னு வெள்ளை வேண்டாம், இடது பக்கம் பாத்து நடக்குற ஆள் அடுத்த போட்டோல வலது பக்கம் பாத்து நடந்தா திரும்பிப் போற மாதிரி இருக்கும்.

இதுல ஒரு போட்டோ மேல பாசம் வச்சு அழுவீங்க. எடுக்க எவ்ளோ கஷ்டப்பட்டோம்ங்குறது பாக்குறவங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்ல. கூட நடக்காத ஒருத்தர்கிட்ட, முடிஞ்சா மனசுல பட்டதைச் சொல்ற அக்கா தங்கச்சிகிட்ட, முப்பத்தஞ்சைக் குடுத்து அஞ்சு தூக்கச் சொல்லுங்க. தூக்குனதைத் திரும்ப வைக்காதீங்க. செல்ஃபி ஒண்ணு போதும்.

எடிட் சுருக்கமா: ஸ்னாப்சீட் போதும், கம்ப்யூட்டர்னா டார்க்டேபிள் இலவசம். சாஞ்ச தொடுவானத்தை நேராக்குங்க, வெளிச்சம் சரிபண்ணுங்க, முப்பதுக்கும் கலர் ஒரே தன்மையில இருக்கட்டும், பச்சையை மட்டும் ஏத்தாதீங்க, தேயிலை பிளாஸ்டிக் ஆயிடும். எல்லாத்தையும் டிவி அளவுக்கு, 16க்கு 9னு வெட்டுங்க.

6. மெட்டு

ஒரு கீபோர்டை எடுத்துக்கோங்க, இல்லன்னா போன்ல கீபோர்டு ஆப். வெள்ளைக் கட்டையை மறந்துடுங்க. கருப்புக் கட்டை அஞ்சு, அதை மட்டும் வாசிங்க. நாலரைக் கட்டையை, அதாவது மூணு கருப்பு சேர்ந்து இருக்குமே அதுல முதல் கருப்பு, அதை ஸட்ஜமா, அதாவது ஆரம்ப ஸ்வரமான ‘ஸ’வா வச்சு வரிசையா அஞ்சையும் வாசிச்சா அது மோகனம். கட்டையை மாத்தாம ஸட்ஜத்தை மட்டும் அடுத்த கருப்புக்கு, அஞ்சரைக்கு நகர்த்துனா மத்யமாவதி. ஆறரைக்கு நகர்த்துனா ஹிந்தோளம். ஒண்ணரையில சுத்த சாவேரி, ரெண்டரையில சுத்த தன்யாசி. அஞ்சே கட்டை, அஞ்சு ராகம், கிரக பேதம்னு இதுக்குப் பேரு. முறையா கத்துக்கிட்டவங்க கமகம் (ஸ்வரத்தை அசைச்சு வாசிக்குறது) இல்லாம இதை ராகம்னே சொல்லக்கூடாதும்பாங்க, அவங்க சொல்றது சரிதான், ஆனா நம்ம வேலை கச்சேரி இல்ல, எங்க தொட்டாலும் அபஸ்வரம் கேக்காம மூணு நிமிஷம் ஓடணும், அதுக்கு இந்த அஞ்சு போதும்.

ஸட்ஜத்தை மாத்துறதுன்னா என்ன பண்ணணும்னு குழம்பாதீங்க, போன்ல ஒரு தம்புரா ஆப் போட்டு அந்தக் கட்டைக்கு சுருதி வச்சுட்டு வாசிச்சா காது தானா அதுல போய் உக்காந்துக்கும். குரங்கணிக்கு நான் இப்படி வைப்பேன்: ஏற ஆரம்பிக்குறது மோகனம், பனிக்குள்ள போற பகுதிக்கு ஹிந்தோளம், மேல சேர்ந்ததும் மத்யமாவதி, கச்சேரியையே அதுலதான் முடிக்குறாங்க, நமக்கும் பொருந்தும். தம்புராவை மாத்துற இடத்துல ஒரு ஆவர்த்தனம் சுருதியே இல்லாம வெறும் ஓடை சத்தத்தை மட்டும் ஓட விடுங்க, ராகம் மாறுனது துருத்திட்டு இருக்காது.

மெட்டு பெருசா எதுவும் வேண்டாம். எட்டு அடில பாடுற மாதிரி ஒரு சின்ன வரி, மூணு நாலு ஸ்வரம், கடைசி ரெண்டு அடி சும்மா விடுங்க. அதையே நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் கடைசி ஸ்வரத்தை மட்டும் மாத்தி. அப்புறம் ஒரு பதில் வரி. இவ்ளோதான். வரி வரலைன்னா போட்டோவை டிவில ஓட விட்டு அதைப் பாத்துட்டே முணுமுணுங்க, போன்ல ரெக்கார்டு ஓடிட்டே இருக்கட்டும், இருபது நிமிஷத்துல ஏதோ ஒரு இடத்துல உருப்படியா ஒண்ணு வந்திருக்கும். கீபோர்டே வேண்டாம்னா முணுமுணுப்பே இசைதான், புல்லாங்குழல் இருந்தா இன்னும் நல்லது, பாட்டி தாலாட்டு ராகத்துல ஆலாபனை மாதிரி இழுத்தாலும் மலைக்கு நல்லாத்தான் இருக்கும். தாளத்துக்கு கஞ்சிரா, இல்ல பித்தளைக் குடம், இல்ல மேல சொன்ன காலடி சத்தத்தை வெட்டி எட்டு அடிக்கு அடுக்குறது. தாளம் மூணு நிமிஷமும் அடிச்சுட்டே இருக்க வேண்டாம், செங்குத்து ஏத்தத்துக்கு மட்டும் வந்தா போதும்.

ரெக்கார்டிங். நம்ம வீடுகள்ல சத்தம் இல்லாத நேரம் ராத்திரி பதினொண்ணுக்கு மேலதான், அதுவும் ஃபேனை நிறுத்துனா. ஃப்ரிட்ஜ் இருக்குற ரூம் வேண்டாம். துணி நிறைஞ்ச பீரோவைத் திறந்து வச்சு அதைப் பாத்து உக்காருங்க, பின்னாடி கொடிக்கம்பியில ஒரு மெத்தையோ கெட்டிப் போர்வையோ தொங்கட்டும், எதிரொலி குறையும். மைக்கை வாய்க்கு நேரா வைக்காம கொஞ்சம் சைடுல ஒரு ஜாண் தள்ளி. ஹெட்போன் வயர் வச்சதுதான் வேணும், புளூடூத்ல சத்தம் தாமதமா வரும், தாளத்தோட சேர்ந்து வாசிக்கவே முடியாது.

சாஃப்ட்வேர்னா கம்ப்யூட்டர்ல ஆடாசிட்டி இலவசம், ஆப்பிள்னா கராஜ்பேண்ட், போன்ல பேண்ட்லேப். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்னு வச்சுக்கோங்க, வீடியோவுக்கு அதுதான் சரி. லெவல் மீட்டர்ல உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6க்கும் நடுவுல ஆடட்டும், சிவப்பைத் தொட்டா கரகரப்பு வரும், அதை எந்த ஆப்பும் சரி பண்ணாது. மெட்ரோனோம் 80ஐ ஹெட்போன்ல மட்டும் கேட்டுட்டு வாசிங்க. மிக்ஸிங்ல ரெண்டே வேலை: 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்குறதை வெட்டுங்க, தெருவுல போற லாரி உறுமல் போயிடும், அப்புறம் கொஞ்சமா ரிவர்ப், அதாவது பெரிய இடத்துல வாசிச்ச மாதிரி எதிரொலி சேர்க்குற எஃபெக்ட். ரிவர்ப் போதும்னு தோணுனதுக்கு அப்புறம் அதுல பாதியா குறைங்க, அதுதான் சரியான அளவு.

ஒரு எச்சரிக்கை. ஆப்ல இலவசமா வர்ற லூப்பை (திரும்பத் திரும்ப ஓடுற ரெடிமேட் இசைத் துண்டு) அப்படியே மேல வைக்காதீங்க, அதே லூப்பை வேற யாராவது அவங்க பாட்டுல போட்டு பதிவு பண்ணியிருந்தா யூடியூப் உங்க வீடியோ மேல உரிமை கேக்கலாம்.

7. சேர்க்குறது

டாவின்சி ரிசால்வ், ஷாட்கட், கேடென்லைவ் மூணும் இலவசம். பழைய லேப்டாப்னா ஷாட்கட். மொதல்ல இசையை வையுங்க, ஒவ்வொரு சமத்துக்கும் ஒரு மார்க்கர், அப்புறம் போட்டோவை அந்த மார்க்கர்ல கொண்டு போய் நிறுத்துங்க. ஸ்லைட்ஷோன்னாலே நம்மாளுங்க பக்கம் புரளுறது, இதயம் வெடிக்குறது, நட்சத்திரம் கொட்டுறதுன்னு கல்யாண ஆல்பமா ஆக்கிடுவாங்க. நேரா வெட்டுங்க, ராகம் மாறுற இடத்துல மட்டும் மெதுவா ஒண்ணுல ஒண்ணு கரையட்டும். போட்டோவை மெல்ல நகர்த்துற ஜூம் எஃபெக்ட் நாலஞ்சு இடத்துக்கு மேல வேண்டாம்.

முதல் ஆறு செகண்டு இருட்டு ஸ்க்ரீன்ல டீக்கடை சத்தம் மட்டும், அப்புறம் முதல் போட்டோ, அப்புறம் தம்புரா. காட்டு ஒலியை இசைக்குக் கீழ ரொம்ப மெல்லிசா முழுக்க ஓட விடுங்க, வீட்டு ரெக்கார்டிங்கோட வறட்சி அதுல மறைஞ்சுடும். எழுத்து கம்மியா: ஆரம்பத்துல இடம், மாசம், வருஷம், நடுவுல அந்த ரோப்வே கதைக்கு ரெண்டு வரி, கடைசில கூட வந்தவங்க பேர், வழிகாட்டி அண்ணன் பேர் (கேட்டுட்டு).

எக்ஸ்போர்ட் எம்பி4, 1920க்கு 1080 போதும், உங்க டிவி 4கேன்னா அதுல எடுங்க. யூடியூப் சத்தத்தைச் சுமார் மைனஸ் 14 லஃப்ஸுக்கு (LUFS, காதுக்குக் கேக்குற சத்தத்தை அளக்குற அளவு) இறக்கிடும், அதனால சத்தமா இருக்கட்டும்னு நசுக்கி நசுக்கி ஏத்துறதுல லாபமே இல்ல, உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாம பாத்துக்கோங்க. போன் ஸ்பீக்கர், டிவி, ஹெட்போன் மூணுலயும் ஒரு தடவை கேளுங்க. போன்ல தம்புரா காணாமப் போகும், அது சகஜம்.

8. பகிர்றது

மொதல் காட்சி வீட்டு டிவில. பென் டிரைவ்ல போட்டு ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாரும் உக்காந்து இருக்கும்போது போடுங்க, நீங்க வாய் திறந்து விளக்கம் சொல்லக்கூடாது. எந்த போட்டோல அப்பா ‘இது எந்த இடம்’னு கேக்குறாரோ அதுக்கு எழுத்து வேணும்னு அர்த்தம், எதுல தம்பி போனை எடுக்குறானோ அந்தக் கட்டம் நீளம். அதைச் சரி பண்ணிட்டு அப்புறமா வெளிய விடுங்க.

வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்புனா சுருக்கி நாசமாக்கிடும், டாக்குமெண்டா அனுப்புங்க. ஆனா டாக்குமெண்டா போட்டோ அனுப்பும்போது அதுக்குள்ள எடுத்த இடம் ஜிபிஎஸ்ஸோட அப்படியே போகும், அதைக் கவனிங்க. யூடியூப்ல அன்லிஸ்டட்னு போட்டா லிங்க் இருக்குறவங்க மட்டும் பாக்கலாம், நெருங்குனவங்களுக்கு அது போதும்.

பொதுவா விடுறதா இருந்தா இடம் சொல்றதுல கொஞ்சம் யோசிங்க. டாப் ஸ்டேஷன் எல்லாருக்கும் தெரிஞ்ச இடம், பிரச்சனை இல்ல. ஆனா கூடு, அரிய ஆர்க்கிட், யாரும் போகாத சுனை, இதையெல்லாம் ஜிபிஎஸ்ஸோட போட்டா அடுத்த மாசமே அங்க சிப்ஸ் கவர் கிடக்கும். மூணாறு பக்கத்துல 2018ல பூத்த நீலக்குறிஞ்சி பன்னண்டு வருஷக் கணக்குப்படி அடுத்து 2030ல பூக்கணும், அதுக்கு வரப்போற கூட்டத்தை நினைச்சா இப்பவே பயமா இருக்கு. வழியில எடுத்த பறவைக் குரல் தெளிவா இருந்தா சீனோ-கான்டோல ஏத்துங்க, 2005ல இருந்து உலகம் முழுக்க பறவைக் குரல் சேக்குற இடம் அது, செடி பூச்சி போட்டோவுக்கு ஐநேச்சுரலிஸ்ட் இருக்கு, அழியுற நிலையில இருக்குற உயிரினம்னா சரியான இடத்தை அதுவே மறைச்சுடும்.

உரிமை பத்தி ஒரு வார்த்தை. ‘இது பழைய பாட்டுதானே’ன்னு எடுத்துப் போடுறவங்களுக்கு: நம்ம ஊர் காப்புரிமைச் சட்டப்படி பாட்டை எழுதுனவர், மெட்டு போட்டவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் உரிமை இருக்கு, பதிவுக்குத் தனியா வெளிவந்ததுல இருந்து 60 வருஷம். தியாகராஜர் 1847ல மறைஞ்சுட்டாரு, அவர் கீர்த்தனையை நீங்க வாசிச்சுப் போடலாம், ஆனா இப்போ ஒரு வித்வான் வாசிச்ச சிடில இருந்து எடுத்துப் போட முடியாது. நீங்களே போட்ட மெட்டுன்னா இந்தத் தலைவலி எதுவும் இல்ல, உங்களுக்கு இஷ்டம்னா கிரியேட்டிவ் காமன்ஸ் லைசன்ஸ்ல விடுங்க, பேர் போட்டா யார் வேணா பயன்படுத்தலாம்னு.

கடைசி வேலை, எல்லாரும் தள்ளிப் போடுறது: சேமிப்பு. முடிஞ்ச வீடியோ மட்டும் இல்ல, முப்பது போட்டோவோட ஒரிஜினல், தனித்தனி ட்ராக்கா இசை, வெட்டாத காட்டு ஒலி, அந்த முப்பது கட்டப் பேப்பரோட ஒரு போட்டோ, எல்லாம் ஒரே ஃபோல்டர்ல, பேர்ல வருஷம் மாசம் இடம் மூணும் இருக்கணும். மூணு காப்பி, ரெண்டு வேற வேற சாதனத்துல, அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளிய, கிளவுட்லயோ அண்ணன் வீட்டு ஹார்ட் டிஸ்க்லயோ. எடிட்டிங் ப்ராஜெக்ட் ஃபைலையும் சேர்த்து வையுங்க, ஆறு மாசம் கழிச்சு சித்தப்பா ‘என் பேரை ஏண்டா போடல’ன்னு கேப்பாரு, அப்போ திறக்கணும்.